இருட்டில் வைத்த தட்டுகள்

“ஏம்மா, நாமெல்லாம் மரத்து நிழல்ல நிக்கிறோம். மரம் யாரு நிழல்ல நிக்கும்?”

இதைக் கேட்டபோது சிந்துஜாவுக்கு ஐந்து வயது. சித்திரை மாத மத்தியானம். கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற பேருந்து ஆலப்பாக்கம் தாண்டி டயர் வெடித்து நின்றுவிட்டது. பயணிகள் சாலையோரப் புளியமரத்தடியில் ஒதுங்கியிருந்தார்கள். சிந்துஜாவின் அம்மா தமிழ்ச்செல்வி, சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுப்பவள். தினமும் அதே தடத்தில் போய்வருகிறவள்.

“மரத்துக்குச் சுடாது கண்ணு.”

“ஏன் சுடாது?”

நடத்துநர் சிரித்தார். “கேளு பாப்பா, விடாத. காலேஜுல அம்மா எத்தினி பேரைக் கேள்வி கேக்குறாங்க. இன்னிக்கு அவுங்க பதில் சொல்லட்டும்.”

அது 2006ஆம் ஆண்டு. அந்த வாரமே தமிழ்ச்செல்வி நூலகத்தில் தேடிப் படித்தாள். தான் மகளுக்குச் சொன்னது தவறு என்று தெரிந்தது. மரத்துக்கும் சுடத்தான் செய்கிறது.

சூரிய ஒளியில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் உண்டு. அது உயிரணுவுக்குள் புகுந்து, டி.என்.ஏ. இழையில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு எழுத்துகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். பள்ளிக்கூடப் பையின் ஜிப்பில் பக்கத்துப் பற்கள் இரண்டு ஒட்டிக்கொண்டால் ஜிப் அந்த இடத்தில் நின்றுபோகும் அல்லவா? அதுபோல, இழையைப் படியெடுக்கும் வேலை அங்கே நின்றுபோகும். ஒட்டுகள் பெருகினால் உயிரணு சாகும். ஆனால் செடிகொடிகளிலும் பல பாக்டீரியாக்களிலும் ஒரு நொதி, அதாவது என்சைம், இருக்கிறது. அது ஒட்டிய இடத்தைத் தேடிப் போய் அதன்மேல் உட்கார்ந்துகொள்கிறது. உட்கார்ந்து, வெளிச்சத்துக்காகக் காத்திருக்கிறது. நீல ஒளி சிறிதளவு விழுந்தால் போதும், அந்த ஒளியின் ஆற்றலைக் கொண்டு ஒட்டைப் பிரித்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடும். இருட்டில் அதனால் உட்கார்ந்திருக்க முடியும், பிரிக்க முடியாது. மனிதருக்கு இந்த நொதி இல்லை. நம் உடம்பில் வேறு நொதிகள் கெட்ட துண்டை வெட்டியெடுத்து, எதிர் இழையைப் பார்த்துப் புதுத் துண்டு வைத்துத் தைக்கின்றன. அது கொஞ்சம் மெதுவான தையல் வேலை.

காயப்படுத்துகிற வெயிலுக்குள்ளேயே மருந்தையும் வைத்திருக்கிறான் இறைவன் என்று தமிழ்ச்செல்வி நினைத்தாள். அவள் திருவதிகையில் பிறந்தவள். அடியார் ஒருவருக்கு வயிற்றில் சூலை நோயைக் கொடுத்துத் தன்னிடம் வரவழைத்து, அந்தச் சூலையைத் தானே தீர்த்த சாமியின் ஊர் அது. அவளுக்கு இது அந்நியமாகப் படவில்லை.

மறு ஆண்டு அவள் தன் கல்லூரியிலேயே முனைவர் பட்டத்துக்குப் பகுதிநேர ஆய்வு மாணவியாகப் பதிவு செய்துகொண்டாள். பரங்கிப்பேட்டைக் கழிமுகத்தில் நாள் முழுக்க வெயில் காயும் சேற்றிலிருந்து ஒரு பாக்டீரியாவை எடுத்து வளர்த்தாள். அதில் அந்த நொதி இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு திறமையாகப் பழுது நீக்குகிறது என்பதுதான் அவள் ஆய்வு. குழந்தை, வகுப்பு, விடைத்தாள், கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் ரயிலும் பேருந்தும் என்று ஓடி, 2011 அக்டோபர் வந்துவிட்டது. வருகிற மார்ச்சோடு பதிவு முடிகிறது. ஏற்கெனவே ஒரு முறை நீட்டித்தாயிற்று. இனி நீட்டிக்க மாட்டார்கள். அதற்குள் முடிக்காவிட்டால் இத்தனை ஆண்டு உழைப்பும் வீண்.

ஆயுதபூஜை விடுமுறைக்கு முந்தின நாள் அவள் ஒரு சோதனையைத் தொடங்கினாள். பெட்ரி எனப்படும் மூடிபோட்ட சிறு தட்டுகளில் பாக்டீரியாவைப் பரப்பி, புற ஊதா விளக்கின் கீழே காட்டினாள். பாதித் தட்டுகளை வெளிச்சத்தில் வைத்தாள். மீதிப் பாதியை உடனே அலுமினியத் தாளில் சுற்றி, இன்குபேட்டர் என்ற வெப்பப் பெட்டிக்குள் இருட்டில் வைத்தாள். வெளிச்சத்தில் இருப்பவை பிழைத்து, இருட்டில் இருப்பவை செத்தால், வெளிச்சத்தால் வேலை செய்யும் நொதி இருக்கிறது என்று பொருள். அவ்வளவையும் முடித்துவிட்டு, வீட்டுப் பூஜைக்குச் சாமான் வாங்க வேண்டுமென்று ரயிலுக்கு ஓடினாள்.

விடுமுறை முடிந்து வந்து தாளைப் பிரித்தபோது, அவளோடு அதே ஆய்வகத்தில் படிக்கும் செம்பியன் எட்டிப் பார்த்தான்.

“என்னாக்கா இது! இருட்டுல வெச்சதுலயும் இப்படிக் கூட்டம் கூடியிருக்கு? தேர் பாக்க வந்த ஜனம் மாதிரி!”

செத்திருக்க வேண்டிய தட்டுகளில் பாக்டீரியாத் திட்டுகள் நெருக்கமாக முளைத்திருந்தன. தமிழ்ச்செல்வி ஒரு தட்டின் மூடியைத் திருப்பினாள். ஓரத்தில் சந்தனமும் அதன்மேல் குங்குமமும் வைத்திருந்தது. அலுமினியத் தாளின் மடிப்பில் ஒரு பொரி ஒட்டிக்கொண்டிருந்தது.

நடந்தது அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆய்வகத்தைக் கூட்டித் துடைத்து, கண்ணாடிச் சாமான் கழுவும் ஞானாம்பாள்தான் ஆண்டுதோறும் விடுமுறைக்கு முந்தின நாள் ஆய்வகத்தில் நடக்கும் பூஜைக்கு எல்லாவற்றையும் எடுத்துவைப்பவள். தெற்கு ஜன்னலோரத்தில் மேசை போட்டு, சரஸ்வதி படத்தின் முன் ஒவ்வொருவருடைய பொருளையும் அடுக்குவாள். ஜன்னல் வழியே நல்ல வெயில் விழும் இடம் அது.

அவளுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அந்த ஆண்டு கோடையில் உதவியாள் ஒருவன் செல்போனுக்குச் சார்ஜ் போடுவதற்காக இன்குபேட்டரின் இணைப்பைப் பிடுங்கிவிட்டான். ஆய்வு வழிகாட்டி ராமாமிர்தம் அன்று சொன்னது: “என் லேப்ல அடுத்தவங்க பொருள யாரு தொட்டாலும், மறுநாள்லேர்ந்து அவுங்க வர வேண்டாம்.” சொன்னபடியே அவனை அனுப்பிவிட்டார். ஞானாம்பாள் தினக்கூலி. கணவன் இல்லை. மகளை நர்சிங் படிக்கவைத்துக்கொண்டிருந்தாள்.

தமிழ்ச்செல்வி பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து மூடிகளைத் துடைத்தாள். பொரியை எடுத்துக் குப்பையில் போட்டாள். பிறகு தட்டுகளோடு ராமாமிர்தத்தின் அறைக்குப் போனாள்.

அவர் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இருட்டுத் தட்டுல இவ்ளோ வந்தா என்னா அர்த்தம்?”

“வெளிச்சம் பட்டிருக்குன்னு அர்த்தம் சார்.”

“எப்படிப் பட்டுச்சு?”

“என் தட்டு சார். நான் பூட்டி வெச்சிட்டுப் போயிருக்கணும். போகல.”

“யாராவது எடுத்தாங்களா?”

“பொறுப்பு என்னுது சார்.”

அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் வேலையில் கறாரானவர். “டிசம்பர்ல சென்னைக் கருத்தரங்குக்கு உங்க பேரத்தான் எழுதி வெச்சிருந்தேன். இத வெச்சிக்கிட்டு அனுப்ப முடியாது. செம்பியன் போகட்டும். நீங்க இதையே திரும்பத் திரும்பப் பண்ணி எனக்கு நம்பிக்கை வர வைங்க. அதுக்கப்புறம்தான் என்சைமப் பிரிச்செடுக்குற வேலை.”

“மார்ச்சுல பதிவு முடியுது சார்.”

“அதனாலதான் சொல்றேன். கவனமா இருங்க.”

வெளியே வராந்தாவில் ஞானாம்பாள் துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருந்தது. தமிழ்ச்செல்வியின் பின்னாலேயே கழுவுமிடம் வரை வந்தாள்.

“டீச்சரம்மா, அந்தத் தட்டுங்கள நான்தான் எடுத்தேன்.”

“தெரியும்க்கா.”

“தெரிஞ்சுமா சாருகிட்ட சொல்லல?”

“சொன்னா தட்டு சரியாயிடுமா?”

ஞானாம்பாளுக்குக் குரல் இறங்கிவிட்டது. “எல்லாரும் அவுங்கவுங்க புஸ்தகம், மிசினுன்னு சாமிகிட்ட வெச்சாங்க. உங்குளுது மட்டும் ஒண்ணும் இல்ல. நீங்களும் ரயிலுக்கு ஓடிட்டீங்க. இந்தத் தட்டுதானே உங்க படிப்புன்னு நெனச்சேன். தாளோட வெச்சா சாமி கண்ணுல படாதேன்னு பிரிச்சி வெச்சேன். சாயந்திரம் பூச முடிஞ்சதும் பழையபடி சுத்தி உள்ள வெச்சிட்டேன்மா. மூடியக்கூடத் தொறக்கல.”

தமிழ்ச்செல்வி அவளுக்கு விளக்கினாள். கதிர் பட்டு அடிபட்ட உயிர்கள் இவை. அவற்றுக்குள் ஒரு வேலையாள் இருக்கிறான். வெளிச்சம் கிடைத்தால் அடிபட்ட இடத்தைச் சரிசெய்துவிடுவான். அதனால்தான் இருட்டில் வைத்தது. ஞானாம்பாள் கவனமாகக் கேட்டாள்.

“அப்ப, செத்துப்போவ வேண்டியதெல்லாம் சாமி முன்னாடி வெச்சதும் பொழச்சிக்கிச்சா?”

“ஜன்னல் வெளிச்சத்துல பொழச்சிச்சுக்கா.”

“அது எந்த வெளிச்சமோ. பொழச்சிச்சு இல்ல? அதுங்களுக்கு நான் நல்லதுதான் பண்ணியிருக்கேன்.”

தமிழ்ச்செல்விக்கு அந்த வருத்தத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. “அதுங்க உங்கள வாழ்த்தும். எனக்குத்தான் வேல ஜாஸ்தியாயிடுச்சு.”

ஞானாம்பாள் சிரிக்கவில்லை. “நான் போயி சாருகிட்ட ஒத்துக்கிறேன்.”

“வேணாம்க்கா. எனக்கு நல்லது நடக்கணும்னு சாமிகிட்ட வெச்சீங்க. அதுக்காக உங்க வேல போச்சுன்னா நான் எந்தச் சாமிகிட்டப் போயி நிக்கிறது? போங்க, போயி டீ குடிங்க.”

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. தமிழ்ச்செல்வி பிறகு அதை எடுக்கவே இல்லை. ஞானாம்பாளால்தான் அதை அப்படி விட்டுவிட முடியவில்லை. நம்மை ஒருவர் திட்டினால் நாமும் திட்டித் தீர்த்துக்கொள்ளலாம். மன்னித்துவிட்டால், அது நெஞ்சில் இடம் பிடித்து உட்கார்ந்துகொள்கிறது.

சோதனையைத் திரும்பச் செய்தபோது இருட்டுத் தட்டுகள் வெறுமையாக இருந்தன. வெளிச்சத் தட்டுகள் நிறைந்திருந்தன. ராமாமிர்தம் தலையசைத்தார். நவம்பரில் நொதியைப் பிரித்தெடுக்கும் வேலை தொடங்கியது. லிட்டர் கணக்கில் பாக்டீரியாவை வளர்த்து, உடைத்து, வடித்து, மறுபடி வடித்து, கடைசியில் கிடைத்தது விரல் நுனி அளவுக் குழாய்கள் சிலவற்றில் அடிமட்டத்துக்கு ஒரு மங்கலான மஞ்சள் நீர். சூடு பட்டால் அது கெட்டுவிடும். அதை நீல மூடி போட்ட சிறு டப்பாவுக்குள் அடுக்கி ஃப்ரீசரில் வைத்தாள். இனிமேல் செய்ய வேண்டியது ஒரே ஒரு சோதனை. புற ஊதா பட்டுக் கெட்ட டி.என்.ஏ.வோடு இந்த நீரைக் கலந்து வெளிச்சத்தில் வைத்து, பழுது நீங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கான வேதிப்பொருள் ஒன்று புத்தாண்டு கழித்துத்தான் வரும் என்றார்கள்.

அந்த மாதங்களில் மின்வெட்டு அதிகம். மின்சாரம் போகும்போதெல்லாம் தமிழ்ச்செல்வி ஃப்ரீசர் கதவின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பாள்.

“என்னாம்மா, பிரசவ ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிற மாதிரி நிக்கிறீங்க?” என்பாள் ஞானாம்பாள்.

“கிட்டத்தட்ட அப்படித்தான்க்கா. அந்த டப்பா மட்டும் சூடாச்சுன்னா, மறுபடி மொதல்லேர்ந்து. மார்ச்சுக்குள்ள முடியாது. என் படிப்பு அவ்ளோதான்.”

“உங்க ஊட்டுக்காரரு கரண்டு ஆபீசுதானே? ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?”

“அவரு ஊருக்கெல்லாம் வெளிச்சம் போடுவாரு. எங்க வீட்ல பீஸ் போனா மட்டும் நான்தான் ஸ்டூல் போட்டு ஏறணும்.”

டிசம்பர் முப்பதாம் தேதி விடியற்காலையில் ‘தானே’ புயல் கடலூரில் கரையேறியது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் தமிழ்ச்செல்வியின் வீட்டு எதிரே இருந்த வேப்பமரம் வேரோடு சாய்ந்து தெருவை அடைத்தது. மின்கம்பங்கள் குச்சிகள்போல ஒடிந்து கிடந்தன. போன் இல்லை, தண்ணீர் இல்லை. கணவர் பாலகுமார் காற்று ஓய்ந்ததும் கிளம்பிப் போனவர், குளிக்கவும் சாப்பிடவும் மட்டும் வந்து போனார். ஒருமுறை அவருக்குச் சோறு போடும்போது அவள் கேட்டாள்:

“சிதம்பரத்துல கரண்டு இருக்குமாங்க?”

“அங்கயும் லைன் அறுந்துதான் கெடக்குது. நாலஞ்சு நாள் ஆவும்.” அவர் சோற்றைப் பிசைந்தபடி நிமிர்ந்து பார்த்தார். “உன் டப்பாவா?”

அவள் தலையாட்டினாள்.

“ஒரு நாள்கூடத் தாங்காதா?”

“தாங்காதுங்க.”

போகும்போது அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவள் விளக்கேற்றி வைத்துக் கும்பிட்டாள். ஊரெல்லாம் கூரை இல்லாமல் கிடக்கும்போது ஒரு டப்பாவுக்காக வேண்டிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. ஆகவே எல்லாருக்காகவும் வேண்டிக்கொண்டு, கடைசியில் டப்பாவையும் சேர்த்துக்கொண்டாள்.

சாலை திறந்து பேருந்து ஓடத் தொடங்கிய முதல் நாளே சிதம்பரம் போனாள். வழியெல்லாம் வாழைத்தோப்புகள் படுத்துக் கிடந்தன. ஆய்வகத்தில் மின்சாரம் வந்திருந்தது. ஃப்ரீசர் உறுமிக்கொண்டிருந்தது. டப்பா அதே இடத்தில், உறைந்து இருந்தது. ஆனால் நடுவில் மின்சாரம் நின்றுபோன நாட்களில் கெட்ட பிறகு மறுபடி உறைந்ததாகத்தான் இருக்க வேண்டும். தூக்கிப் போடுவதற்கு முன்னால் ஒரு குழாயையாவது சோதித்துப் பார்ப்போம் என்று அவள் நினைத்தது, நம்பிக்கையால் அல்ல, மனம் ஒப்பாததால்.

வேதிப்பொருள் வந்தது. கெட்ட டி.என்.ஏ.வோடு மஞ்சள் நீரைக் கலந்தாள். ஒன்றை இருட்டிலும் ஒன்றை விளக்கின் கீழும் வைத்தாள். முடிவு வந்தபோது அவள் ராமாமிர்தத்தைக் கூப்பிட்டாள். இருட்டில் இருந்தது கெட்டபடியே இருந்தது. வெளிச்சத்தில் இருந்ததில் ஒட்டுகள் ஏறக்குறைய எல்லாமே பிரிந்து, இழை பழையபடி ஆகியிருந்தது.

ராமாமிர்தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். “அத்தன நாள் கரண்டு இல்லாம இது எப்படித் தாங்குச்சு?”

“மார்கழிக் குளிருதான் சார்” என்றான் செம்பியன்.

“போய்யா. மார்கழிக் குளிருலயும் என் வீட்டு மாவு புளிச்சிப் போச்சு.” அவர் தமிழ்ச்செல்வியைப் பார்த்தார். “எழுத ஆரம்பிங்கம்மா. மார்ச்சுக்குள்ள முடிச்சிடலாம்.”

தமிழ்ச்செல்விக்குக் கண் நிறைந்தது. அன்று மாலை கோயிலுக்குப் போய்க் கூட்டத்தோடு நின்று கும்பிட்டுவிட்டு ரயிலேறினாள். தெய்வம் காப்பாற்றியது என்று வீட்டில் சொன்னாள். அவள் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை.

புயல் அடித்த அன்று ஞானாம்பாளின் வீட்டுக் கூரையில் பாதி பறந்துவிட்டது. வாய்க்கால் ஓரத்து வீடு. மகளைப் பக்கத்து ஓட்டு வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, காற்று தணிந்ததும் அவள் கல்லூரிக்கு நடந்தாள். வளாகத்தில் மரங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. காவலாளி தன் வீட்டைப் பார்க்கப் போயிருந்தான். தினமும் காலையில் திறப்பவள் என்பதால் சாவி அவளிடம் இருந்தது. ஃப்ரீசர் கதவில் உள்ளங்கையை வைத்தாள். சத்தமில்லை. உள்ளே தண்ணீர் சொட்டத் தொடங்கியிருந்தது.

அவள் நேரே மீன் மார்க்கெட்டுக்குப் போனாள். ஐஸ் விற்கும் காத்தவராயன், ஐஸ் கரையாமலிருக்கப் போடும் உமி மூட்டைமேல் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். படகு எதுவும் கடலுக்குப் போகாததால் அவனுடைய ஐஸ் பார்கள் வாங்க ஆளில்லாமல் கரைந்துகொண்டிருந்தன.

“மீனே இல்ல, ஐஸ் எதுக்குக்கா?”

“வேணும். குடு.”

“ஊரே கூரையில்லாம கெடக்குது. நீ என்னா, ஜூஸ் கடை போடப் போறியா?”

“ஆமா. மொத கிளாசு உனக்குத்தான். உமி கொஞ்சம் ஜாஸ்தியாப் போடு.”

கோணிப்பையில் சுற்றிய ஐஸ் பாரைத் தலையில் சுமந்து, சாய்ந்த மரங்களைத் தாண்டித் தாண்டி வந்தாள். ஆய்வகத்து மூலையில் கிடந்த தெர்மகோல் பெட்டியைத் துடைத்து, ஐஸை உடைத்துப் பரப்பி, நீல மூடி டப்பாவை நடுவில் பதித்து, சுற்றிலும் மேலும் ஐஸ் வைத்து, பெட்டியை உமிக்குள் புதைத்தாள். மறுநாள் காலையிலும் போய்க் கரைந்த நீரை இறைத்துவிட்டுப் புது ஐஸ் வைத்தாள். அதற்கடுத்த நாளும் அப்படியே. வீட்டில் கூரைக்கு வழி பார்க்க வேண்டியிருந்தது. அது காத்திருக்கட்டும் என்று விட்டாள். வீட்டுக்குக் கூரை எப்போது வேண்டுமானாலும் போடலாம்.

ஒரு நாள் காலை அவள் கதவைத் திறந்தபோது ஃப்ரீசர் உறுமிக்கொண்டிருந்தது. ஞானாம்பாள் கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள். உள்ளே நன்றாகக் குளிர் ஏறும்வரை காத்திருந்து, டப்பாவை எடுத்து முந்தானையால் ஈரம் துடைத்து, முன்பு இருந்த அடுக்கிலேயே வைத்தாள். நனைந்த உமியை அள்ளிக்கொண்டு போய்ச் சாய்ந்து கிடந்த ஒரு மரத்தின் வேர்க்குழியில் கொட்டினாள். தெர்மகோல் பெட்டியைக் கழுவி மூலையில் கவிழ்த்தாள். ஒரு உமிகூட இல்லாமல் தரையைத் துடைத்து, துணியைப் பிழிந்து உலரப் போட்டாள்.

பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு, தார்ப்பாய் எங்காவது கொடுக்கிறார்களா என்று பார்க்க நடந்தாள்.